திண்ணையோரத்து டி.வி.எஸ். 50 மீண்டும் ஓடுமா?

தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளின் பின்பக்கம் போனால், மாட்டுக்கொட்டகைச் சுவரிலோ மோட்டார் ரூம் ஓரத்திலோ ஒரு டி.வி.எஸ். 50 சாய்ந்து நிற்கும். சீட்டில் கோழி எச்சம். ஹேண்டில்பாரில் துணி காயப்போடும் கயிறு. பின் கேரியரில் எப்போதோ வைத்து மறந்த உரச்சாக்கு. தாத்தா ஓட்டியது, அப்பா ஓட்டியது, அப்புறம் யாரும் ஓட்டாதது. வருடத்துக்கு ஒருமுறை பழைய இரும்புக்காரர் வந்து எட்டிப் பார்த்து விலை கேட்பார். வீட்டில் ஒருவர், பெரும்பாலும் பாட்டி, "அது பாட்டுக்கு அங்க கெடக்கட்டும்" என்று சொல்லிவிடுவார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுப் பேரனுக்கு ஆசை வருகிறது. வண்டியை வெளியே இழுத்துத் தண்ணீர் அடிக்கிறான். மண் கரைந்த இடத்தில் பழைய பெயின்ட் எட்டிப் பார்க்கிறது. அன்று மாலையே பெயின்ட் கடைக்குக் கிளம்பிவிடுகிறான். பட்ஜெட் கைநழுவத் தொடங்குவது அந்தச் சாயங்காலத்தில்தான்.

பழைய வண்டியை வீட்டிலேயே சரிசெய்கிறவர்கள் உதிரிபாக விலையால் இழக்கிற பணம் குறைவு. வேலையின் வரிசை தவறி இழப்பதுதான் அதிகம். பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி முடித்தபின் என்ஜினுக்குள் கிராங்க் போயிருப்பது தெரியவரும். அதையும் கடன் வாங்கிச் சரிசெய்தபின், ஆர்.சி. புக் காலாவதியாகிப் பத்து வருடம் ஆனது தெரியவரும். காசு கையில் நிற்க வேண்டுமானால் இதே பாதையைத் தலைகீழாக நடக்க வேண்டும்: முதலில் காகிதம், அடுத்து கம்ப்ரஷன், கலர் கடைசி.

ஓசூர்க் குதிரை

1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தபோது மொபெட் இந்தியாவுக்குப் புதிதல்ல. திருப்பதியில் 'மொபெட்ஸ் இந்தியா' நிறுவனம் பிரான்ஸின் மோட்டோபெக்கான் நுட்பத்தில் சுவேகாவைத் தயாரித்துக்கொண்டிருந்தது. புனேயிலிருந்து கைனெடிக்கின் லூனா 1972-லேயே வந்துவிட்டது. ஆனால் அவை ஒருவர் போவதற்கான வண்டிகள். இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்று சொல்லி வந்த முதல் இந்திய மொபெட் டி.வி.எஸ். 50 தான்.

இரண்டு பேர் என்பது கம்பெனிக் கணக்கு. ஊர்க் கணக்கு வேறு. பின்னால் இருபக்கமும் பால் கேன், நடுவில் புல்லுக்கட்டு, கால் வைக்கும் இடத்தில் தவிட்டு மூட்டை, அதற்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். வாழைத்தார், கேஸ் சிலிண்டர், கூடைக்கோழி, ஐஸ் பெட்டி, பூக்கூடை என்று அது சுமக்காத சரக்கு இல்லை. கியர் இல்லாததால் சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் பழகிவிடுவார்கள். பெட்ரோல் தீர்ந்தாலும் பெடல் இருக்கிறது என்ற தைரியம் வேறு. எதிர்காற்றில் அதை மிதித்து வீடு வந்தவர்களுக்குத்தான் அந்தத் தைரியத்தின் விலை தெரியும்.

மற்ற நாடுகளில் குட்டி பைக்கின் பிறப்பு இப்படி இல்லை. ஹோண்டாவின் 'மங்கி' 1961-ல் தோக்கியோவின் தாமா டெக் கேளிக்கைப் பூங்காவில், பிள்ளைகள் ஏறிச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டது. வளர்ந்த ஆள் ஏறினால் குரங்கு குந்தியிருப்பதுபோல் தெரியும் என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது. அமெரிக்காவில் புல்வெட்டும் இயந்திரத்தின் என்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் மாட்டி வீட்டுக்குப் பின்னால் ஓட்டினார்கள். அந்த வண்டிகள் கொட்டகையில் கிடந்து துருப்பிடித்தவை. நம் வண்டி உழைத்துத் தேய்ந்தது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, துருவை நீக்கிவிட்டால் முக்கால்வாசி முடிந்தது என்று இறங்கினால் ஏமாற்றம்தான். இங்கே துரு சின்ன எதிரி. தேய்மானம் பெரிய எதிரி.

அதனால் வண்டியைத் தொடும் முன், அது யாரிடம் என்ன வேலை செய்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பால்காரரிடம் இருந்த வண்டியில் பின் ரிம் கோணியிருக்கும், ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கும், கேரியர் சேரும் இடத்தில் சட்டத்தில் வெடிப்பு இருந்தாலும் இருக்கும். வாத்தியார் ஓட்டிய வண்டியில் வெளியே ஒரு கீறல் இருக்காது. ஆனால் தினமும் ஒரு கிலோமீட்டர் மட்டுமே, என்ஜின் சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டியதால் சைலன்சர் முழுக்கக் கரி அடைத்திருக்கும். வயலுக்குப் போன வண்டிக்குச் செயினும் பிரேக்கும் சேற்றில் தேய்ந்திருக்கும்.

முதலில் காகிதம்

பீரோவின் அடித்தட்டில், ரேஷன் கார்டுக்கும் நிலப்பத்திரத்துக்கும் நடுவில் அந்த ஆர்.சி. புக் இருக்கும். எடுத்துப் பார்க்க வேண்டியவை மூன்று: யார் பெயர், எந்த ஆர்.டி.ஓ., எந்தத் தேதி வரை. பிறகு என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பதிந்துவிடும். பழைய பதிவெண்களில் பல இன்னும் கணினியில் ஏறாமல் இருப்பதால், மொபைல் செயலியில் 'தகவல் இல்லை' என்று வந்தால் பதறத் தேவையில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் விவரத்தைப் பதிவேற்றக் கேட்க வேண்டும்.

தனியார் இருசக்கர வாகனப் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 15 வருடம் ஆனால் வண்டியை உடைத்தே ஆகவேண்டும் என்று டீக்கடையில் சொல்வார்கள். அது டெல்லி வட்டாரத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டைப் பாதி கேட்டுவிட்டுச் சொல்வது. இங்கே வண்டி நல்ல நிலையில் இருந்தால் புதுப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் கட்டணம் ஏறியிருக்கிறது. 2021-ல் அறிவிக்கப்பட்டு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இருசக்கர வாகனப் புதுப்பிப்புக்கு 1,000 ரூபாய். 2025-ல் வந்த திருத்தம், 20 வயது தாண்டிய வண்டிக்கு அதை 2,000 ஆக்கியது. இதற்கு மேல் மாநிலத்தின் பசுமை வரி.

பட்ஜெட்டைக் கவிழ்ப்பது இவை எதுவும் அல்ல. 2021 விதியில் இன்னொரு வரி இருக்கிறது: புதுப்பிக்கத் தாமதமானால் இருசக்கர வாகனத்துக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல். காகிதத்தில் பெருக்கிப் பார்த்தால் வருடத்துக்கு 3,600 ஆகிறது. உங்கள் வண்டிக்கு அது எந்த மாதத்திலிருந்து கணக்கிடப்படும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஸ்பேனர் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம். தாத்தா காலமாகி வண்டி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் வாரிசுக்கு மாற்றப் படிவம் 31. புதுப்பிக்கப் படிவம் 25. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் ஆறுதல் தரும்: 75 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு, 2022-ல் நிர்ணயித்த விலைப்படி வருடத்துக்கு 538 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

சட்டத்தில் ஒரு வேடிக்கையான ஓரமும் உண்டு. நான்குக்கும் குறைவான சக்கரம், 25 சிசிக்கு மிகாத என்ஜின் என்றால் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல. ஒரு காலத்தில் என்ஃபீல்டு வெளியிட்ட 'மோஃபா' இந்த வகை. அது கொல்லையில் கிடைக்கப்பெற்றவர் பாக்கியசாலி, ஆனால் பாகம் தேடி அலைய வேண்டிய பாக்கியசாலி. டி.வி.எஸ். 50 அந்தச் சலுகைக்குள் வராது.

காகிதமே இல்லாத வண்டியா? தோட்டத்துக்குள் ஓட்டி மகிழலாம். ரோட்டில் ஏற்றுவதற்காக அதில் பணம் போடக்கூடாது.

அடுத்து கம்ப்ரஷன்

வருடக்கணக்கில் நின்ற வண்டியின் பெடலை எடுத்த எடுப்பில் ஓங்கி மிதிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சிலிண்டர் சுவரில் பூத்த துரு ரிங்கைப் பிடித்திருக்கும். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயிலோ டீசலோ விட்டு இரண்டு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு மேக்னட் மூடியைத் திறந்து, கையால் இப்படியும் அப்படியுமாக மெல்ல அசைத்தால் பல என்ஜின்கள் இளகிவிடும். இளகாததைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

இளகியதும் கட்டைவிரல் சோதனை. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு இன்னொருவரைப் பெடல் மிதிக்கச் சொல்ல வேண்டும். விரலைக் காற்று 'புஸ்' என்று தள்ளிவிட்டால் கம்ப்ரஷன் இருக்கிறது. மெதுவாகக் கசிந்து போனால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. இதற்குக் கருவி உண்டு. ஊர் மெக்கானிக்குகளுக்குக் கட்டைவிரலே மீட்டர்.

அடுத்தது பொறி. பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோகப் பகுதியை சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்துச் சுற்றினால் நீலப்பொறி 'டிக் டிக்' என்று பாய வேண்டும். ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் நிலையில் பிளக்கை அதன் வாய்க்கு நேராக வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும். பொறி மஞ்சளாக மங்கினாலோ வராமலே போனாலோ காயில் வாங்க ஓட வேண்டாம். பழைய மாடல்களில் மேக்னட்டுக்குள் 'பாயிண்ட்' இருக்கும். ஈரத்தில் அதன் முனைகளில் ஒரு மெல்லிய படலம் கட்டிவிடும். நைஸ் உப்புத்தாளை ஒருமுறை இழுத்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தால் பாதி வண்டிகளில் பொறி திரும்பிவிடும். செலவு ஒரு தாள். அதன்பிறகும் வராவிட்டால் கண்டென்சர், கடைசியாகத்தான் காயில். பிந்தைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். மாடல்களில் பாயிண்ட்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷன். அங்கே சுத்தம் செய்ய எதுவும் இல்லை, மாற்றிப் பார்ப்பதுதான்.

கம்ப்ரஷனும் பொறியும் தேறிய பிறகு இந்த என்ஜினின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. இது டூ ஸ்ட்ரோக். வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. உள்ளே நகர்வது பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், அவ்வளவே. ஒரு வீட்டு ஆள் முற்றத்தில் சாக்கை விரித்துப் பிரித்து, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய கடைசி என்ஜின்களில் இது ஒன்று. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸ் கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் கலவையை உறிஞ்சுகிறது. இறங்கும்போது அந்தக் கலவையை அழுத்திப் பக்கவாட்டு வழியாகச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆக கிராங்க் கேஸ் வெறும் பெட்டி அல்ல, அதுவும் ஒரு பம்ப்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு சின்ன ரப்பர் வளையங்களின் அருமை தெரியும். கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள்தான் அந்தப் பம்பை இறுக்கி வைத்திருப்பவை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அவை காய்ந்து கல்லாகியிருக்கும். அந்த இடுக்கில் காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். பெட்ரோல் குறைந்தால் அதனோடு வரும் ஆயிலும் குறையும். சூடேறியதும் ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே என்ஜின் தானாகக் கத்தத் தொடங்கினால் இதுதான் காரணமாக இருக்கும். கவனிக்காமல் ஓட்டினால், புதிதாகப் போட்ட பிஸ்டன் நடுரோட்டில் ஜாம் ஆகும். மெக்கானிக்குகள் 'புதுப் பிஸ்டன் கம்பெனி சரியில்லை' என்று திட்டும் கதைகளில் சில, காய்ந்த சீலின் கதைகள். சீலின் விலை ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. கேஸைப் பிரிக்கும் வேலைதான் பெரிது. அதனால் ஒருமுறை பிரித்தால் சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது மிச்சம்.

பிரிக்கும்போது கருவி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாத ஒரே இடம் மேக்னட் புல்லர். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பி, சுத்தியலால் தட்டிக் கழற்றுகிற வித்தை ஊரில் உண்டு. கிராங்க் முனையின் மரை நசுங்கினால் அந்த வித்தைக்கு ஒரு கிராங்க் விலை. சொந்தமாக வாங்க மனமில்லாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாள் இரவல் கேட்டால் கொடுப்பார். கழற்றிய போல்ட், வாஷர் எல்லாவற்றையும் வரிசையாக முட்டை அட்டையின் குழிகளில் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது, பூட்டும்போது மீந்துபோகும் ஒரு வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதைத் தவிர்க்கும்.

சிலிண்டரைக் கழற்றியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் 'டொக்' என்று தட்டினால் கீழ் பேரிங் போய்விட்டது. மொத்த பட்ஜெட்டையும் தீர்மானிப்பது இந்த ஒரு 'டொக்' தான். தட்டவில்லை என்றால் வேலை வீட்டிலேயே முடியும். தட்டினால் கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, ராடு கிட் மாற்றி, மீண்டும் அழுத்தி, நூல் பிசகாமல் நேர்பார்க்க வேண்டும். அது லேத் பட்டறையில் கிராங்க் வேலையே தொழிலாக உள்ளவர் செய்ய வேண்டியது. இங்கே வீட்டு வீரம் செல்லாது.

சிலிண்டர் போரில் நகத்தை ஓட்டிப் பார்த்து, கோடு நகத்தில் தட்டுப்பட்டால் போர் போட வேண்டும். இதற்கான பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் ஏற்றத்தில் அடுத்தடுத்த அளவுகளாக வரும். முந்தைய முறை போர் போட்டிருந்தால் அந்த அளவு பிஸ்டன் தலையிலேயே பொறித்திருக்கும். புதுப் பிஸ்டனை வாங்கி, சிலிண்டரோடு சேர்த்துப் பட்டறையில் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போர் போடுவதுதான் முறை. போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடினால் பொருந்துவது அதிர்ஷ்டம். பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்தில் உள்ள சின்ன முளையில் வந்து உட்கார வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் சுழன்று முனை போர்ட்டுக்குள் சிக்கினால் ஒரே நிமிடத்தில் உடைந்து, உள்ளே எல்லாவற்றையும் கிழித்துவிடும். ஊசிமுனை அளவுள்ள அந்த முளைக்காகத்தான் இந்த வேலையை இரவு விளக்கில் செய்யக்கூடாது என்கிறார்கள்.

சிலிண்டர் வெளியே இருக்கும்போதே எக்ஸாஸ்ட் போர்ட்டில் ஒட்டியிருக்கும் கரியை மூங்கில் சிம்பால் சுரண்டி எடுத்துவிடலாம். இரும்பு வேண்டாம், கோடு விழும். சைலன்சருக்குள் கரியும் ஆயிலும் சேர்ந்து தார்போல அடைத்திருக்கும். 'வண்டி இழுக்கல, மேடு ஏறல' என்று விற்கப்பட்ட எத்தனையோ வண்டிகளுக்கு நோய் என்ஜினில் இல்லை, சைலன்சரில்தான். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் கரைந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இரும்புச் சைலன்சருக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். அலுமினியப் பாகத்தை அதில் போட்டால் சோடா அதையே தின்றுவிடும்.

டேங்கும் கார்ப்பரேட்டரும்

டேங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் கண்மாய் தெரியும். பித்தளைக் குடத்துக்குப் புளி எப்படியோ அப்படித்தான் இதற்கும் புளிப்பு. எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் துரு உரிந்து வரும். நட்டுகளை எண்ணிப் போட வேண்டும், எண்ணி எடுக்க வேண்டும். பிறகு ஆப்பசோடாத் தண்ணீரால் அலசி, வெயிலில் உலர்த்தி, உடனே ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுற்றி அலம்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி செம்பழுப்பு ஏறிவிடும். ஓட்டை இருந்தால், பெட்ரோல் ஆவி இருக்கும் டேங்கில் வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. அதைத் தெரிந்த பட்டறையிடம் விட்டுவிட வேண்டும்.

கார்ப்பரேட்டரில் பார்க்க வேண்டியது மெயின் ஜெட்டின் நூல் போன்ற துளை. வற்றிய பெட்ரோல் அரக்குப்போல அதில் உறைந்திருக்கும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதினால் போதும். பெட்ரோல் டியூப், வாஷர், ஓரிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். நாற்பது வருடத்துக்கு முந்தைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஊதிப்போய்ப் பிசுபிசுக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அதிகம் ஓடாத வண்டியின் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலை நிறுத்திவைப்பது கழுவிய துருவைத் திரும்ப அழைப்பது.

சக்கர வேலை சைக்கிள் கடைக்காரருக்கே தெரியும். 16 இன்ச் ரிம்மில் கோட்டம் எடுத்து, ஸ்போக்ஸ் இறுக்கி, பிரேக் ஷூவும் கேபிள்களும் மாற்றுவது ஒரு நாள் வேலை. டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடித்திருந்தால் அது டயர் இல்லை. பிரேக்கிலும் டயரிலும் பழைய பொருளைப் பொறுக்கிப் போட்டு மிச்சம் பிடிப்பதைப்போன்ற கெட்ட சிக்கனம் வேறில்லை.

கலர் கடைசி

பாகங்களைத் தேடுவது இந்த வேலையில் பாதி இன்பம். எக்ஸ்.எல். வரிசை பல பத்தாண்டுகள் டூ ஸ்ட்ரோக்காகவே விற்றதால், சின்ன ஊர் ஸ்பேர்ஸ் கடைகளிலும் இந்தக் குடும்பத்துப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்துவிட்டது, அதன் என்ஜின் பாகம் இதற்குச் சேராது. கடைக்காரரிடம் 'டி.வி.எஸ். பிஸ்டன்' என்று கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார். கழற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டுக் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதுதான் நடைமுறை. மட்கார்டு, ஹெட்லைட் கூடு, பழைய எழுத்து பொறித்த டேங்க் போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய பாகச் சந்தைகளைத்தான் நாட வேண்டும். லூனா, ஹீரோ புக், சுவேகா வைத்திருப்பவர்களின் கதை இன்னும் கடினம். அவர்கள் ஒரு வண்டியைச் சரிசெய்ய இன்னொரு செத்த வண்டியை வாங்குகிறார்கள்.

பெயின்ட்டுக்கு இப்போதுதான் நேரம். பழைய பெயின்ட் தாங்கி நிற்கிற இடங்களை அப்படியே விட்டுவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. முப்பது வருடம் பால் கேன் உரசிய தழும்புக்குப் பட்டி போட்டு மறைத்து, கண்ணாடிபோல் பளபளப்பாக்கினால் அது யாரோ ஒருவருடைய வண்டி ஆகிவிடும். துருப்பிடித்த மட்கார்டையும் சட்டத்தையும் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் ஸ்ப்ரே கேனில் இரண்டு பூச்சு அடித்தால் போதும். நிறத்தை மாற்றத் தோன்றினால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

செலவு? கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். பிளக், பாயிண்ட், சீல், டியூப், கேபிள் என்று நூறு ரூபாய்த் தாள்களில் முடிகிற வேலைகள் ஒரு பக்கம். டயர் ஜோடி, பிஸ்டன் கிட், போர் கூலி என்று ஆயிரத்தில் பேசுபவை மறுபக்கம். காகிதம் சுத்தமாக இருந்து, கனெக்டிங் ராடு தட்டாமல் இருந்தால் ஒரு சாதாரண செல்போன் விலைக்குள் வண்டி எழுந்து நின்றுவிடும். ராடு தட்டினால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தாமதக் கட்டணமும் சேர்ந்து, குரோமியம் முலாம், புதுச் சீட், புது டேங்க் என்று ஆசையும் ஏறினால், பழைய எக்ஸ்.எல். ஒன்றை ஓடும் நிலையிலேயே வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமானது.

இன்னொரு நியாயமான கேள்வி புகை. டூ ஸ்ட்ரோக்கில் புதுக்கலவை உள்ளே வரும்போது எரிந்த புகை வெளியேறும் வாசலும் திறந்தே இருக்கிறது. அதனால் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமல் அப்படியே வெளியே போகிறது. ஆயிலும் எரிந்து நீலப்புகையாகிறது. இந்த என்ஜின் சந்தையிலிருந்து வெளியேறியதற்கு அதுவே காரணம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் எடுத்துப் போகிற வண்டியாக வைத்துக்கொண்டால் பழுதில்லை. தினமும் இருபது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவர் இதை நம்பி இறங்க வேண்டாம். பெயரின் மேல்தான் ஆசை என்றால் கைனெடிக் குழுமம் 2024-ல் மின்சார லூனாவையே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

எல்லாம் பூட்டி முடித்த நாளில், டேங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் போதும். அதில் 2டி ஆயிலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக, டேங்குக்கு வெளியே கேனிலேயே குலுக்கிக் கலந்துகொள்ள வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சோக்கை இழுத்து, பெடலை மிதித்தால் முதல் நாலு மிதிக்கு ஒன்றும் நடக்காது. ஐந்தாவதில் ஒரு இருமல். எட்டாவது, ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டால், பூட்டும்போது பூசிய ஆயில் எரிந்து முற்றம் முழுக்கப் புகை மூடும். கோழிகள் சிதறும். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது, "அண்ணன் வண்டியா சத்தம் கேக்குது?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகாமல், மூட்டை ஏற்றாமல், அரை மணிக்கொருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஓட்ட வேண்டும். பின்னால் உட்கார வேண்டும் என்று பாட்டி அடம்பிடித்தால் தெருமுனை வரை போகலாம். திரும்பி வந்ததும், என்ஜின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை வெள்ளையாக வெளிறியிருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. சீலும் பேக்கிங்கும் மறுபடி பார்க்க வேண்டும். கறுப்பாக ஈரம் படிந்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதல். காப்பித்தூள் நிறத்தில் உலர்ந்திருந்தால் துடைக்காமல் அப்படியே திரும்பப் பூட்டிவிடலாம்.